கார்டு வாய்சிங்: இடது கை எதைப் பிடிப்பது, எதை விடுவது

சி மேஜர், டி மைனர், ஜி செவன் என்று பெயரைப் பார்த்ததும் விரல்கள் போய் உட்காரும் அளவுக்குக் கார்டுகள் பழகிவிட்டன. பாடுகிறவருக்குத் துணையாக வாசிக்கவும் முடிகிறது. ஆனால் வலது கையால் சொந்தமாக ஒரு வரி இம்ப்ரொவைஸ் செய்து பார்க்கலாம் என்று இறங்கினால், இடது கை விடமாட்டேன் என்கிறது. ஒவ்வொரு கார்டுக்கும் மொத்தக் கையும் எழுந்து, தாவி, வேறு இடத்தில் இறங்க வேண்டியிருக்கிறது. கண் அதைத் தேடிப் போகிறது, அதற்குள் வலது கையின் வரி அறுந்துவிடுகிறது. ஒலியும் பாடப்புத்தகப் பயிற்சி மாதிரி கனமாக இருக்கிறது.

இந்த இடத்தில் பலரும் இன்னும் நிறைய கார்டு படிக்க வேண்டுமோ என்று நினைக்கிறார்கள். தேவையில்லை. தெரிந்த கார்டுகளையே வேறு விதமாகப் பிடிக்கப் பழகினால் போதும். ஒரு கார்டின் ஸ்வரங்களில் எவற்றை வாசிப்பது, எவற்றை விடுவது, எது கீழே, எது மேலே, நடுவில் எவ்வளவு இடைவெளி, எந்தக் கைக்கு எது? இத்தனை முடிவுகளும் சேர்ந்ததைத்தான் வாய்சிங் என்கிறார்கள். இம்ப்ரொவைஸ் செய்கிறவருக்கு இதில் மிக முக்கியமானது விடுவதுதான் என்பது என் எண்ணம். அதைச் சுற்றியே இந்தக் கட்டுரை.

கீழே நெருக்கினால் கலங்கும்

முதலில் ஒரு சின்னச் சோதனை. 61 கட்டை கீபோர்டில் இடது ஓரத்தில் இருக்கும் சி, அதற்கு மேல் உள்ள இ, ஜி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். (88 கட்டை பியானோவில் அது இடமிருந்து இரண்டாவது சி.) வெறும் உறுமல்தான் கேட்கும். அதே மூன்றை நடு சியிலிருந்து வாசியுங்கள். தெளிவாக, இனிமையாக இருக்கும்.

கீழே இருக்கும் அந்தச் சி வினாடிக்கு ஏறத்தாழ 65 முறை அதிர்கிறது, இ 82 முறை. நடுவில் வித்தியாசம் 17தான். இவ்வளவு நெருங்கிய இரண்டு தாழ்ந்த ஒலிகளைக் காது முழுதாகப் பிரித்துக் கேட்பதில்லை. அவை ஒன்றோடொன்று உரசிக் கரகரக்கின்றன. நடு சிக்கு வந்தால் அதே எண்கள் 262, 330. வித்தியாசம் 68. காதுக்கு இப்போது பிரித்துக் கேட்க இடம் கிடைக்கிறது.

இன்னொன்றும் செய்து பாருங்கள். கீழ் சி, ஜி இரண்டையும் அப்படியே வைத்துக்கொண்டு, இயை மட்டும் அடுத்த ஸ்தாயிக்குத் தூக்கி வலது கையில் வாசியுங்கள். உறுமல் போய், கார்டு அகலமாகத் திறந்து ஒலிக்கும். கீழே அகலம், மேலே நெருக்கம் என்பது பியானோவில் எந்த வாய்சிங்குக்கும் பொருந்தும். நடு சிக்கு ஒரு ஸ்தாயி கீழே இன்னொரு சி இருக்கிறது அல்லவா, அதற்கும் கீழே போகும்போது இரண்டு ஸ்வரங்களை மூன்றாம் இடைவெளியில் (சி, இ போல) ஒட்டி வைக்காமல் இருந்தால் பாதிக் கலக்கம் தீர்ந்துவிடும்.

காந்தாரமும் நிஷாதமும்

இனி எதை விடுவது என்று பார்ப்போம். சியில் தொடங்கும் மூன்று கார்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். சி மேஜர் செவன் என்றால் சி, இ, ஜி, பி. சி செவன் என்றால் சி, இ, ஜி, பி ஃபிளாட். சி மைனர் செவன் என்றால் சி, இ ஃபிளாட், ஜி, பி ஃபிளாட். மூன்றிலும் சியும் ஜியும் மாறவே இல்லை. எந்தக் கார்டு என்று காதுக்குச் சொல்வது, சியை ஒன்றாக வைத்து ஸ்கேல் வரிசையில் எண்ணினால் வரும் மூன்றாம் ஸ்வரமும் (இ) ஏழாம் ஸ்வரமும்தான் (பி).

கர்நாடக சங்கீதம் கொஞ்சம் கற்றவர்களுக்கு இது உடனே பிடிபடும். ச, ப இரண்டுக்கும் வகை கிடையாது. காந்தாரத்துக்கும் நிஷாதத்துக்கும் வகை உண்டு. கார்டின் ரூட்டை, அதாவது அதன் பெயரில் உள்ள அடிப்படை ஸ்வரத்தை, ச என்று வைத்துக்கொண்டால், மைனர் செவனில் இருப்பது சாதாரண காந்தாரமும் கைசிகி நிஷாதமும். வெறும் செவன் கார்டில் அந்தர காந்தாரமும் கைசிகி நிஷாதமும். மேஜர் செவனில் அந்தர காந்தாரமும் காகலி நிஷாதமும். ஜாஸ் பாடல்களில் அடிக்கடி வரும் மூன்று வகைக் கார்டுகளையும் இந்த இரண்டு ஸ்வரங்களின் சேர்க்கையே பிரித்துக் காட்டிவிடுகிறது. ஒரே ஒரு வேறுபாட்டை மனதில் வைக்க வேண்டும். கச்சேரியில் ச ஒரே இடத்தில் நிற்கும். இங்கே ஒவ்வொரு கார்டுக்கும் ச இடம் மாறும். கிரஹபேதம் செய்து பழகியவர்களுக்கு அதுவும் புதிதாக இருக்காது.

இந்த இரண்டு ஸ்வரங்களையும் கைட் டோன் என்று சொல்வார்கள். ஐந்தாம் ஸ்வரத்தை விட்டுவிடுவதில் பெரிய இழப்பு எதுவும் இல்லை. ரூட்டை அழுத்தும்போதே அதன் மேல் அதிர்வுகளில் ஐந்தாம் ஸ்வரம் நன்றாகவே கேட்கிறது. அந்த ஐந்தாம் ஸ்வரமே இறக்கப்பட்டோ ஏற்றப்பட்டோ இருக்கும் கார்டுகளில் மட்டும் கவனம் வேண்டும். அங்கே அதுவும் ஒரு சேதி சொல்கிறது.

சரி, ரூட்? அதையும் விடலாம். ஆனால் முதல் நாளே வேண்டாம்.

இரண்டு ஸ்வரத்தில் ஒரு கார்டு

ரூட்டோடு மூன்றாவதோ ஏழாவதோ ஒன்று மட்டும் சேர்த்து இடது கையில் வாசிப்பதற்கு ஷெல் வாய்சிங் என்று பெயர். நியூயார்க்கில் பிறந்த பட் பவல் (1924–1966) 1940களில் பீபாப் என்ற ஜாஸ் பாணியின் பியானோவுக்கு ஒரு முகம் கொடுத்தவர். வலது கை வேகமாக ஓடும்போது அவருடைய இடது கை இந்த மாதிரி மெலிந்த இரண்டு ஸ்வரங்களை அங்கங்கே வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். வலது கைக்கு எவ்வளவு இடம் கிடைக்கிறது என்று அவர் பதிவுகளைக் கேட்டால் புரியும்.

பழகுவதற்கு டூ ஃபைவ் ஒன் என்ற கார்டு வரிசையே சிறந்தது. சி ஸ்கேலில் இரண்டாவது, ஐந்தாவது, முதலாவது ஸ்வரங்களில் எழும் கார்டுகள் அவை: டி மைனர் செவன், ஜி செவன், சி மேஜர் செவன். இடது கையில் முதலில் டியும் அதற்கு மேலே நடு சியும். அடுத்து ஜியும் பியும். கடைசியில் கீழ் சியும் அதே பியும். மேலே கட்டைவிரல் செய்வதைப் பாருங்கள். சியிலிருந்து பிக்கு ஒரு கட்டை இறங்கி, அங்கேயே நின்றுவிடுகிறது. சுண்டுவிரல் மட்டும்தான் இடம் மாறுகிறது.

இப்போது ரூட்டைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு, கைட் டோன்களை மட்டும் வாசியுங்கள். டி மைனர் செவனுக்கு எஃப், சி. ஜி செவனுக்கு எஃப், பி. சி மேஜர் செவனுக்கு இ, பி. முதல் நகர்வில் எஃப் அசையவில்லை, சி மட்டும் பக்கத்துக் கட்டைக்கு இறங்கியது. இரண்டாவது நகர்வில் பி அசையவில்லை, எஃப் மட்டும் பக்கத்துக் கட்டைக்கு இறங்கியது. முதல் கார்டின் ஏழாவது அடுத்த கார்டின் மூன்றாவதாகிறது, மூன்றாவது ஏழாவதாகிறது. ரூட்களோ டியிலிருந்து ஜி, ஜியிலிருந்து சி என்று தூரம் தாண்டுகின்றன. கை தாவியதெல்லாம் ரூட்டைத் துரத்திப் போனதால்தான்.

மெதுவாக, ஒவ்வொரு கார்டையும் நான்கு தட்டு நிறுத்தி, இந்த மூன்றையும் திரும்பத் திரும்ப வாசியுங்கள். ஜி செவனில் எஃப், பி இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். அடுத்ததில் அந்த இழுப்பு தளரும். இதைக் காது தெளிவாகப் பிடித்த பிறகு மற்றவற்றைப் பார்த்துக்கொள்ளலாம். புத்தகங்களில் நூற்றுக்கணக்கில் வாய்சிங் வடிவங்கள் கிடைக்கின்றன. இந்த இழுப்பும் தளர்வும் கேட்காமல் அவற்றை மனப்பாடம் செய்வதால் விரல்களுக்கு வேலை அதிகமாகும், வேறு பலன் இருக்காது.

கீபோர்டில் தானாகத் தாளமும் பேஸும் போடும் ஸ்டைல் வசதி இருந்தால், இந்தப் பயிற்சியின்போது அதை நிறுத்தி வையுங்கள். நீங்கள் எதை அழுத்தினாலும் அது கார்டை ஊகித்துத் தன் பாணியில் முழுதாக வாசித்துவிடும். நீங்கள் விட்டது எது, வைத்தது எது என்று காதுக்குத் தெரியாமல் போய்விடும்.

வலது கை

இடது கை அடங்கியதும் வலது கைக்கு வழி திறக்கிறது. ஆனால் எதை வேண்டுமானாலும் வாசிக்கலாம் என்று ஸ்கேலில் மேலும் கீழும் ஓடினால் வரி எங்கேயும் போய்ச் சேராது. தொடக்கத்தில் ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். கார்டு மாறும் முதல் தட்டில் அந்தக் கார்டின் மூன்றாவது ஸ்வரத்தில் இறங்க வேண்டும். நடுவில் எப்படி வேண்டுமானாலும் போகலாம்.

உதாரணத்துக்கு, தட்டுக்கு ஒரு ஸ்வரமாக: டி மைனர் செவனில் எஃப், ஜி, ஏ, சி. ஜி செவனில் பி, ஏ, ஜி, எஃப். சி மேஜர் செவனில் இ, நீட்டி நிறுத்துங்கள். எந்த அலங்காரமும் இல்லாத வரி இது. ஆனாலும் கார்டு மாறுவது வரிக்குள்ளேயே கேட்கிறது. இடது கையை எடுத்துவிட்டு வாசித்தாலும் கேட்கும். கார்டு மாறும் இடங்களைக் கவனியுங்கள். சியிலிருந்து பி, எஃபிலிருந்து இ. கைட் டோன்கள் செய்த அதே இரண்டு நகர்வுகள்தான் இப்போது வலது கையின் திருப்பங்களாக வந்திருக்கின்றன. இம்ப்ரொவைஸ் கற்கிறவர் வாய்சிங்கிலிருந்து தொடங்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான். கையை வசதியாக வைத்துக்கொள்வது இதில் சின்ன லாபம். வரி எங்கே போக வேண்டும் என்று காதுக்குத் தெரிந்துவிடுவது பெரிய லாபம்.

அப்புறம் தாளம். இடது கை நான்கு தட்டும் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. முதல் தட்டில் ஒன்று, இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் ஒன்று என்று இரண்டு முறை சுருக்கமாக வைத்துவிட்டுக் கையை எடுங்கள். சார்ல்ஸ்டன் என்று அழைக்கப்படும் இந்தத் தாளம் ஜாஸில் மிகவும் பழகிய ஒன்று. வலது கை மூச்சு விடும் இடத்தில் இடது கை பேசுகிற மாதிரி இதைத் தள்ளித் தள்ளி வைத்துப் பாருங்கள். சஸ்டெய்ன் பெடலை மிதித்தே வைத்திருந்தால் எல்லாம் ஒன்றாகக் குழம்பும். கார்டு மாறும்போது காலை எடுத்துவிட வேண்டும்.

ஒரு முழுப் பாடலில்

பயிற்சிக்கு ஆட்டம் லீவ்ஸ் பாடலைவிட நல்ல பாடல் கிடைப்பது கடினம். ஜோசஃப் காஸ்மா 1945இல் அமைத்த பிரெஞ்சு மெட்டு, பிறகு ஜாஸ் கலைஞர்கள் எல்லாரும் வாசிக்கும் பாடலாகிவிட்டது. ஜி மைனரில் வாசித்தால் முதல் வரியின் கார்டுகள் இவை: சி மைனர் செவன், எஃப் செவன், பி ஃபிளாட் மேஜர் செவன், இ ஃபிளாட் மேஜர் செவன், ஏ மைனர் செவன் ஃபிளாட் ஃபைவ், டி செவன், ஜி மைனர். பெயர்களைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். கைட் டோன்களாக எழுதிப் பார்த்தால் மலைப்பு போய்விடும்:

இ ஃபிளாட், பி ஃபிளாட்
இ ஃபிளாட், ஏ
டி, ஏ
டி, ஜி
சி, ஜி
சி, எஃப் ஷார்ப்
பி ஃபிளாட், ஜி

ஒரு முறை மேல் ஸ்வரம் இறங்குகிறது, அடுத்த முறை கீழ் ஸ்வரம். ஒவ்வொரு முறையும் ஒரே விரல்தான் அசைகிறது. கடைசி இடத்தில் மட்டும் இரண்டும் நகர்கின்றன (ஜி மைனரில் ஏழாவது இல்லாததால் அங்கே ரூட்டே வருகிறது). சி இறங்கி பி ஃபிளாட்டுக்கும், எஃப் ஷார்ப் ஏறி ஜிக்கும் வந்து பாடல் வீடு சேர்கிறது. ஏழு கார்டுகளையும் கை ஏறக்குறைய ஒரே இடத்தில் இருந்தபடி கடந்துவிடுகிறது. ஐந்தாவது கார்டில் இறக்கப்பட்ட ஐந்தாம் ஸ்வரம் இ ஃபிளாட். இடது கை அதைத் தொடவில்லை என்பதால், வலது கை வரியில் எங்காவது அது வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

தனியாக வாசிக்கும்போது ரூட் இல்லாமல் அந்தரத்தில் இருப்பது போலத் தோன்றினால், முதல் தட்டில் சுண்டுவிரலால் கீழ் ரூட்டைத் தொட்டுவிட்டு, பெடலில் அதை நிறுத்தி, கையை மேலே கொண்டுவந்து கைட் டோன்களை வையுங்கள். ரூட்களை மட்டும் முன்கூட்டியே செல்போனில் பதிவுசெய்து ஓடவிட்டு, அதன் மேல் வாசிப்பதும் நல்ல பயிற்சி.

ரூட்டை விடும் நேரம்

பில் எவன்ஸ் (1929–1980), ரெட் கார்லண்ட், விண்டன் கெல்லி போன்ற ஜாஸ் பியானோ கலைஞர்கள் 1950களில் இடது கையில் ரூட்டே இல்லாத நான்கு ஸ்வர வாய்சிங்குகளைப் பரவலாக்கினார்கள். பக்கத்தில் பேஸ் வாசிப்பவர் இருக்கிறார், ரூட் அவர் பொறுப்பு. பில் எவன்ஸ் 1961 ஜூனில் நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்டு ஜாஸ் கிளப்பில் ஸ்காட் லஃபாரோவின் பேஸோடும் பால் மோஷியனின் டிரம்ஸோடும் வாசித்த பதிவுகளில் இது எவ்வளவு அழகாக வேலை செய்கிறது என்று கேட்கலாம்.

வடிவம் இதுதான். டி மைனர் செவனுக்கு எஃப், ஏ, சி, இ. அதாவது மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது (ஒன்பது என்பது ஒரு ஸ்தாயி மேலே வரும் இரண்டாவது). ஜி செவனுக்கு எஃப், ஏ, பி, இ. சி மட்டும் பி ஆகிறது, மற்ற மூன்று விரல்களும் அப்படியே. சி மேஜர் செவனுக்கு இ, ஜி, பி, டி. எல்லாம் நடு சியைச் சுற்றியே. இன்னும் கீழே போனால் கலங்கும், மேலே போனால் வலது கைக்கு இடம் போய்விடும்.

இதே கார்டுகளுக்கு இரண்டாவது வடிவமும் உண்டு, டி மைனர் செவனின் ஏழாவதில் தொடங்குவது: டி மைனர் செவனுக்கு சி, இ, எஃப், ஏ; ஜி செவனுக்கு பி, இ, எஃப், ஏ; சி மேஜர் செவனுக்கு பி, டி, இ, ஜி. நடுவில் இயும் எஃபும் உரசும் அந்த ஒலியைச் சிலர் முதலில் தவறு என்று நினைக்கிறார்கள். அந்த உரசல்தான் இந்த வடிவத்தின் அழகு. எனக்கு முதல் வடிவத்தைவிட இது பிடிக்கும். எந்த வடிவம் எங்கே என்பதை ஸ்கேல்தான் தீர்மானிக்கும். கை நடுப்பகுதியில் நிற்க எது உதவுகிறதோ அது.

எஃப், ஏ, சி, இ என்பது எஃப் மேஜர் செவன் ஆயிற்றே என்று இங்கே ஒரு குழப்பம் வரும். ஆமாம், அதேதான். கீழே டி ஒலித்தால் அது டி மைனர் நைன். காது கீழ் ஸ்வரத்தை வைத்துத்தான் கார்டுக்குப் பெயர் சூட்டுகிறது. இதனால்தான் ரூட் இல்லாத வாய்சிங்கை முதல் பாடமாகச் சொல்லிக்கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ரூட்டை மனதுக்குள் கேட்கத் தெரியாதவருக்கு இது வெறும் எஃப் மேஜர் செவனாகவே கேட்கும். ஷெல்களை ரூட்டோடு வாசித்துப் பழகி, ரூட்டை வாயால் பாடிக்கொண்டே கைட் டோன்களை வாசிக்க முடிகிறதென்றால், அப்போது இதற்கு வரலாம்.

மூன்றாம் இடைவெளிகளை விட்டு நான்காம் இடைவெளிகளில் (சி, எஃப் போல) அடுக்குவது இன்னொரு உலகம். டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 1959ஆம் ஆண்டு கைண்ட் ஆஃப் புளூ ஆல்பத்தில் சோ வாட் என்ற முதல் பாடலில், பேஸ் ஒரு வாக்கியம் சொல்ல, பில் எவன்ஸ் இரண்டு கார்டுகளால் பதில் சொல்வார். முதல் கார்டு கீழிருந்து மேலாக இ, ஏ, டி, ஜி, பி. அதே வடிவத்தை டியிலிருந்து வைத்தால் இரண்டாவது கார்டு: டி, ஜி, சி, எஃப், ஏ. இரண்டு கைகளாலும் வாசித்துப் பாருங்கள். சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் குழுவில் மக்காய் டைனர் இடது கையில் வாசித்த நான்காம் இடைவெளி அடுக்குகளும் இந்தக் குடும்பம்தான். ஒரே கார்டு பல பார்களுக்கு (தாளச் சுற்றுகளுக்கு) நிற்கும் பாடல்களில் இவை பிரமாதமாகப் பொருந்தும். கார்டு வேகமாக மாறும் பாடல்களுக்குக் கைட் டோன்களே கை கொடுக்கும்.

பன்னிரண்டு ஸ்கேலுக்கும் கொண்டுபோக

சி ஸ்கேலில் பழகியதை மற்றவற்றுக்குக் கொண்டுபோக ஒரு சுலபமான சங்கிலி இருக்கிறது. சி மேஜர் செவனில் இ, பி என்று முடித்தீர்கள். இரண்டு விரல்களையும் ஒவ்வொரு கட்டை இறக்குங்கள். இ ஃபிளாட், பி ஃபிளாட். அது சி மைனர் செவன், அதாவது பி ஃபிளாட் ஸ்கேலின் டூ. அங்கிருந்து மேல் விரல் ஒரு கட்டை இறங்கினால் எஃப் செவன். பிறகு கீழ் விரல் ஒரு கட்டை இறங்கினால் பி ஃபிளாட் மேஜர் செவன். மறுபடி இரண்டும் இறங்கினால் ஏ ஃபிளாட் ஸ்கேலுக்குள் நுழைந்துவிடுவீர்கள். இப்படியே ஜி ஃபிளாட், இ, டி என்று போய் மீண்டும் சிக்கு வரலாம். இரண்டு மூன்று ஸ்கேல் தாண்டியதும் கை மிகவும் கீழே போய் ஒலி கலங்கத் தொடங்கும். அப்போது கீழ் ஸ்வரத்தை ஒரு ஸ்தாயி மேலே தூக்கிவிட்டுத் தொடருங்கள். ஸ்வரங்கள் அவையே, மேலும் கீழும் மட்டும் இடம் மாறியிருக்கும். இந்தச் சங்கிலியில் ஆறு ஸ்கேல்கள் வந்துவிடும். மீதி ஆறுக்கு இ ஃபிளாட் மைனர் செவனிலிருந்து, ஜி ஃபிளாட், டி ஃபிளாட் இரண்டையும் பிடித்துக்கொண்டு தொடங்குங்கள்.